என் முதுகுக்குப் பின்னால் வந்த சைக்கிள்கள்

நான் வந்ததும் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை ஹாலி-எல சந்தியில் இருக்கும் தேநீர்க் கடையில்தான் முதன்முதலாகக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனேன். என்னோடு சைக்கிள் ஓட்டும் மூன்று பேரும் ஒரு மேசையில் தலையைக் குவித்து உட்கார்ந்திருந்தார்கள். என் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் மூன்று தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

"வாங்க டீச்சர். ஒங்களுக்குச் சீனி கொறச்சுப் போடச் சொல்லியிருக்கோம்" என்றார் மிட்வைஃப் அக்கா.

நான் சீனி குறைத்துக் குடிக்கிறவள் இல்லை. அது அவருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு வெளியே பஸ்ஸைப் பார்க்கத் தொடங்கினார். அன்றைக்கு அங்கே பஸ் எதுவும் நிற்கவில்லை.

நாட்டையே பெட்ரோலுக்காக வரிசையில் நிறுத்திய வருடத்தில்தான் நான் சைக்கிள் வாங்கினேன். ஹாலி-எலக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஓட்டோக்கள் நின்றுபோயின. பஸ் நினைத்தால் வந்தது, நினைக்காவிட்டால் வரவில்லை. அதே தோட்டங்களில் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் மிட்வைஃப் அக்காவும் தன் ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டுச் சைக்கிளுக்கு வந்திருந்தார். ஒரே ஏற்றத்தில் தினமும் மூச்சு வாங்கிய இரண்டு பெண்கள் பேசாமல் இருக்க முடியுமா? அப்படித்தான் சேர்ந்தோம்.

மூன்றாவது ஆள் ராத்தா. பதுளை பஜாரில் நூல், பொத்தான், லேஸ் விற்கும் கடை அவர்களுடையது. கடைக்கு வரும் எல்லாரும், முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல, அவரை ராத்தா என்றே கூப்பிடுவதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பதால் உடம்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர் என்று, கடை திறப்பதற்கு முன் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். தனியாகப் போனால் ஊர் பேசுகிறது என்று எங்களோடு வந்து ஒட்டிக்கொண்டார். நாலாவது, எல்லாருக்கும் இளையவள். தெமோதரப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, எல்லவில் ஒரு ஹோட்டலில் வேலை. வெள்ளைக்காரப் பயணிகளைச் சைக்கிளில் சுற்றிக்காட்டக் கூட்டிப்போவாள். கியர் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவள் எங்களில் அவள் மட்டும்தான். அவளைச் சின்னவள் என்போம்.

பெட்ரோல் திரும்பி வந்தபிறகும் நாங்கள் சைக்கிளை விடவில்லை. அதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. தேவை இருந்தவரை பரிதாபப்பட்டவர்கள், தேவை தீர்ந்ததும் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். தோட்டத்து கேட்டில் நிற்கும் வாட்ச்சர், "எங்க டீச்சர், இன்னைக்கும் எல்லவா? அங்க அப்பிடி என்னாதான் இருக்கு?" என்று பல்லைக் காட்டுவார். என் மாமியார் நேரடியாக எதையும் கேட்கமாட்டார். நான் திரும்பி வந்ததும் என் சப்பாத்தில் ஒட்டியிருக்கும் மண்ணின் நிறத்தைப் பார்ப்பார். கொழும்பில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் என் கணவர் போனில், "யாரு யாரு வந்தா? எங்கங்க நிப்பாட்டுனீங்க?" என்பார். பதில் சொன்னாலும், "பக்கத்துல யாரு?" என்பார். பக்கத்தில் மாமியாரின் வெங்காயக் கூடை மட்டும்தான் இருக்கும்.

இப்படி எல்லாருமே மோப்பம் பிடிக்கிற இடத்தில் இருந்தால் நமக்கும் மூக்கு கூர்மையாகிவிடும். அதனால்தான் அந்தச் சீனி விஷயத்தை என்னால் சும்மா விட முடியவில்லை.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் ஏற்றத்தில் நான்தான் முதலில் போவேன், மற்றவர்கள் அவரவர் வேகத்தில் வந்து சேர்வார்கள். இப்போது மிட்வைஃப் அக்கா முன்னால் போய்க்கொண்டு அடிக்கடி திரும்பிப் பார்த்தார். ராத்தா எனக்கு வலது பக்கத்தில், வாகனம் போகும் பக்கத்தில், என்னை ஒட்டியபடி வந்தார். சின்னவள் எனக்குப் பின்னால். அவளுடைய கியர் சைக்கிளுக்கு என் வேகம் ஒரு வேகமே இல்லை. ஆனாலும் அவள் சக்கரத்தின் கிரிச்சத்தம் என் முதுகை விட்டு விலகவே இல்லை. கைதியைக் கூட்டிப்போவதுபோல இருந்தது.

இறக்கம் வந்தால் மிட்வைஃப் அக்கா கையைத் தூக்கி நிறுத்துவார்.

"எறங்கி நடப்போம். எனக்கு முழங்கால் வலிக்குது."

முழங்கால் வலிக்கிறவர்களுக்கு இறக்கத்தில் நடப்பதுதான் கஷ்டம். சைக்கிளில் உட்கார்ந்து போவது சுகம். ஊருக்கெல்லாம் மருந்து சொல்லும் மனுஷிக்கு இதுகூடத் தெரியாதா? தெரியும். பொய் சொல்கிறார்.

அதோடு கேள்விகள். "நேத்து நல்லாத் தூங்குனீங்களா? ஏதாச்சும் மாத்திர போடுறீங்களா? வீட்டுல மனசுக்குச் சங்கடமா ஏதும்?" ஒருநாள் காலையில் ராத்தா என்னைக் கட்டிக்கொள்வதுபோல் வந்து என் வாய்க்குக் கிட்டே மூக்கை வைத்து மூச்சை இழுத்தார். நான் சட்டென்று பின்வாங்கினேன். "என்ன சென்ட் பூசியிருக்கீங்கன்னு பாத்தேன்" என்றார். நான் சென்ட் பூசுவதில்லை.

அந்த மாதத்திலேயே இன்னொன்றும் நடந்தது. தெமோதரக்கு முன்னால் ஒரு வளைவில் நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று ராத்தாவின் கை என் மழைக்கோட்டுக் கழுத்தைப் பிடித்து இழுத்தது. இரண்டு சைக்கிளும் உரசி, நான் ஒரு காலை ஊன்றி நின்றேன். ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது.

"என்ன ராத்தா, விழுத்தாட்டப் பாத்தீங்களே!"

"கை வழுக்கிட்டு டீச்சர்" என்றார். முகம் வெளுத்திருந்தது. கை வழுக்கினால் ஒருவரின் கழுத்துத் துணியை இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க முடியுமா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

பாடசாலையில் அதிபர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சுற்றிவளைத்துத்தான் பேசுவார். "டீச்சர், ஏதாவது பிரச்சினை இருந்தா சொல்லுங்க. பிள்ளைங்க கதைக்குதுங்க, நீங்க கரும்பலகையப் பாத்துக்கிட்டே நின்னுடுறீங்களாம்." எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பிள்ளைகள் ஆயிரம் சொல்லும். ஆனால் இதை அவர் காதுக்கு ஏற்றியது யார்? அந்த வாரம் எங்கள் பாடசாலையில் தடுப்பூசி போட வந்திருந்தவர் மிட்வைஃப் அக்கா. அதிபரின் அறையில் அவர் உட்கார்ந்து தேநீர் குடித்ததை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன்.

எல்லாம் ஒன்றாகப் பொருந்தியதுபோல இருந்தது. என்ன பொருத்தம் என்பதுதான் தெரியவில்லை.

கடைசியாக அந்தப் போன். ஹாலி-எலயில் டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது சின்னவளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு சிவப்பு மழைக்கோட்டு. எங்களில் சிவப்பு என்னுடையது மட்டும்தான். நான் பார்ப்பதை உணர்ந்து அவள் போனைத் தொடையில் கவிழ்த்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் வீடியோ கைமாறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கோயில் திருவிழாவில் ஆடிய ஒரு பிள்ளையின் வீடியோ எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அவள் வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டே போனாள். நான் ஒரு டீச்சர். என் வீடியோ இவளிடம் எதற்கு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் முழுவதும் மழை. ஞாயிறு காலை வெளுத்திருந்தது. போகவேண்டாம் என்று மிட்வைஃப் அக்கா சொல்ல, போயே தீரவேண்டும் என்று நான் சொன்னேன். தெமோதர தாண்டி எல்லப் பக்கம் ஏறும்போது மூடுபனி இறங்கிவிட்டது. ஒரு திருப்பத்தில் மேலே இருந்த மண்மேடு சரிந்து தெருவை மூடியிருந்தது. யாரோ மரக்கிளைகளை வெட்டிக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். வாகனம் போக வழியில்லை. ஆட்கள் மட்டும் ஓரமாகக் கால் வைத்துக் கடந்துகொண்டிருந்தார்கள்.

"திரும்பிருவோம்" என்றார் ராத்தா.

"அந்தப் பக்கம் போயிட்டா எல்ல கிட்டதான்" என்று சொல்லிவிட்டு நான் சைக்கிளைத் தோளில் தூக்கினேன். சின்னவள் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். பிறகு சைக்கிள்களைக் கைமாற்றிக் கைமாற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனோம். சேற்றில் கால் முழங்கால்வரை புதைந்தது. எனக்கு மேலே மிட்வைஃப் அக்காவும் கீழே சின்னவளும் நின்று, என்னை ஒரு பொதிபோல நடுவில் கடத்தினார்கள். மேலே சிறு கற்கள் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஒரு மதகுக் கல்லின் மேல் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினேன். மிட்வைஃப் அக்கா தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேட்டேன்.

"என்னைய வச்சு மூணு பேரும் என்னா செய்றீங்க? எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. அதிபர்கிட்ட என்ன சொன்னீங்க? இவ போன்ல என் படம் எதுக்கு?"

சின்னவள் மிட்வைஃப் அக்காவைப் பார்த்தாள்.

"அங்க என்ன பார்வ? அந்த வீடியோவ இப்பவே எனக்குக்"

என் கையில் யாருடைய கையோ இருந்தது. மிட்வைஃப் அக்காவின் கை. நாடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தெருவின் அந்தப் பக்கம் அல்லவா நின்றார்? என் ஹெல்மெட் தலையில் இல்லை. ராத்தாவின் ஈரத் துப்பட்டி என் தோளைச் சுற்றியிருந்தது. சின்னவள் என் முன்னால் குந்தி, என் கண்ணுக்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்தாள். வாயில் செம்புச் சுவை.

"எதுக்கு என் ஹெல்மெட்டக் கழட்டுனீங்க?"

"டீச்சர்" என்றார் மிட்வைஃப் அக்கா மெதுவாக, "இப்ப என்னா நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"நான் வீடியோவக் கேட்டேன். நீங்க இந்தப் பக்கம் வந்துட்டீங்க."

"ரெண்டுக்கும் நடுவுல?"

யோசித்தேன். நடுவில் ஒன்றுமே இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், மறதியாகக்கூட இல்லை. மறந்துபோனால் ஏதோ மறந்துவிட்டோம் என்று தெரியும். அங்கே அதுவும் இல்லை.

"காட்டு" என்றார் அவர். சின்னவள் போனை என் கையில் தந்தாள்.

தெமோதர வளைவு. சிவப்பு மழைக்கோட்டு. என் கால்கள் மிதிக்கவில்லை, சைக்கிள் தானாக உருண்டுகொண்டிருந்தது. ஒரு கை ஹேண்டிலில் இருக்க, மற்றக் கை மழைக்கோட்டின் பொத்தானைத் தடவியது, விடாமல் தடவியது. சைக்கிள் மெல்ல மெல்ல ராத்தாவையும் நெருக்கிக்கொண்டு வெள்ளைக் கோட்டைத் தாண்டித் தெருவின் வலது பக்கத்துக்குச் சாய்ந்தது. வளைவில் ஒரு பஸ்ஸின் முகம். ராத்தாவின் கை பாய்ந்து என் கழுத்துத் துணியைப் பிடித்தது. பிறகு நான் திரும்பும்போது ஒரு கணம் முகம் தெரிந்தது. வாய் எதையோ மெல்லுவதுபோல் அசைந்தது. என் முகம்தான். ஆனால் அதற்குள் நான் இல்லை.

பிறகு என் குரல்: என்ன ராத்தா, விழுத்தாட்டப் பாத்தீங்களே!

"இப்பல்லாம் போன்ல என்ன வேணும்னாலும் செய்யலாம்" என்றேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

சின்னவள் அழுதுவிட்டாள். ராத்தா என் முன்னால் சேற்றிலேயே உட்கார்ந்தார். "ஒங்கள ஏமாத்தி எங்களுக்கு என்ன கெடைக்கப் போகுது டீச்சர்? ஒங்களுக்குள்ள என்னமோ ஈக்கிது. அது என்னன்னு எங்களுக்கும் தெரியாது."

"அப்ப ஏன் முதல்லயே சொல்லல?"

"சொன்னா ஒண்ணு சைக்கிள விட்டுருவீங்க, இல்லாட்டி எங்கள விட்டுருவீங்க" என்றார் மிட்வைஃப் அக்கா. "எங்களோட வந்தா நாங்க பாத்துக்கலாம். தனியாப் போனா யாரு புடிக்கிறது? முதல்ல சீனின்னு நெனச்சேன். பெறகு மாத்திரன்னு நெனச்சேன். தண்ணி போடுறீங்களோன்னுகூடச் சந்தேகப்பட்டேன், மன்னிச்சிருங்க. நான்தான் ராத்தாவ மோந்து பாக்கச் சொன்னேன். டாக்டருக்கிட்ட வாயால சொன்னாப் புரியாதுன்னு இவள வீடியோ எடுக்கச் சொன்னதும் நான்தான். அடுத்த கிழம சொல்லத்தான் இருந்தோம்."

"அதிபர்கிட்ட?"

"அவருதான் என்கிட்டக் கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல."

அன்றைக்கு அதை நான் நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களோடு நடந்தேன். யாரும் சைக்கிளில் ஏறவில்லை. எல்லவரை தள்ளிக்கொண்டே போய், சின்னவளின் ஹோட்டலில் சைக்கிள்களை விட்டோம். அன்றைக்கு ரயில் ஓடியது எங்கள் அதிர்ஷ்டம். பதுளைக்குப் போகும் ரயிலில் என்னை ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார வைத்தார்கள். மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சிங்களத்தில் மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். இதுவும் ஒருவகை வலிப்புதான்.

நான் மறுத்தேன். வலிப்பு என்றால் எனக்குத் தெரியும். ஆள் விழவேண்டும், கைகால் இழுக்கவேண்டும், நுரை தள்ளவேண்டும், யாராவது ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணிக்கவேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் நான் பார்த்த வலிப்பு அதுதான். சில நொடி நின்றுபோவதற்கு யாராவது அந்தப் பெயரை வைப்பார்களா? மூளைக்குள் நடப்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி வெளியே தெரியாது என்றார் டாக்டர். தலைக்கு ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "பார்த்துவிடுவது நல்லது" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ தெரிந்துகொண்டு மறைக்கிறார் என்று நினைத்தேன். மிட்வைஃப் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. தலைக்குள் கட்டி என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள் என்றே எண்ணினேன்.

ஸ்கேனுக்குக் காத்திருந்த நாட்களில் ராத்தா நோன்பு பிடித்தார் என்று பிறகுதான் தெரிந்தது. சீனி வருத்தக்காரி, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் பிடித்திருக்கிறார். சின்னவள் வேலை முடிந்து என்னை வீட்டில் வந்து பார்த்துவிட்டுத்தான் தெமோதரக்குப் போவாள். ஸ்கேனில் கட்டி இல்லை. எப்போதோ சின்ன வயதில் வந்த காய்ச்சலோ அடியோ விட்டுப்போன ஒரு பழைய தழும்பு என்றார்கள். மாத்திரை தந்தார்கள். டாக்டர் சொல்லும்வரை சைக்கிள் கூடாது, தனியாக ஓடையில் குளிக்கக்கூடாது, அடுப்படியில் தனியாக நிற்கக்கூடாது.

அடுப்பைப் பற்றிச் சொன்னதால் மாமியாரிடம் மறைக்க முடியவில்லை. அவர் உடனே கோயில் பூசாரியிடம் போய்வரவேண்டும் என்றார். மலையில் ஏதோ பட்டிருக்கிறது, எல்லாம் அந்தச் சைக்கிளால் வந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டுச் சொன்னார்:

"சோறு போடுறப்ப கரண்டியத் தூக்கிக்கிட்டு அப்பிடியே நிப்ப. கூப்பிட்டாலும் பேசமாட்ட. என்மேல உள்ள கோவத்துலதான் நிக்கிறன்னு நெனச்சேன் பிள்ள. நானும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

அவரும் பார்த்திருக்கிறார். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் மனதில் இருந்த சந்தேகத்தை அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். என் கணவர் லீவு போட்டுவிட்டு வந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போன்ல பேசிக்கிட்டே இருப்ப, திடீர்னு சத்தம் இருக்காது" என்றார். "கூப்பிடுவேன், பதில் வராது. பெறகு சம்பந்தமில்லாம என்னமோ சொல்லுவ. பக்கத்துல யாரோ இருக்காங்க, அதான் பேசமாட்டேங்கிறன்னு நெனச்சேன்."

வெங்காயக் கூடையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவருக்குப் புரியவில்லை. உரித்துத் தரச் சொல்கிறேன் என்று நினைத்து உரிக்கத் தொடங்கினார். நானும் உட்கார்ந்து சேர்ந்து உரித்தேன்.

மாத்திரை என்னைத் தூங்கவைத்தது. வகுப்பில் நாக்கு தடித்ததுபோல் இருந்தது. இது நோயைவிடக் கேடு, டாக்டர் பிழையாகத் தந்திருக்கிறார் என்று நினைத்து இரவு மாத்திரையை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். மிட்வைஃப் அக்கா அதை மோப்பம் பிடித்துவிட்டார்போல. சாயங்காலமானால் வீடியோவில் கூப்பிடுவார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு அக்கா."

"எங்க, வாயத் தொறந்து காட்டுங்க. நாக்கத் தூக்குங்க."

லயத்துப் பிள்ளைகளை மிரட்டும் அதே குரல். நாக்கைத் தூக்கிக் காட்டுவேன். தூக்கத்தைப் பற்றியும் அவரிடம்தான் சொன்னேன். அவர் என்னைக் கிளினிக்குக் கூட்டிப்போய் அளவை மாற்ற வைத்தார். பிறகு கொஞ்சம் தெளிவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் சைக்கிளை விட்டுவிட்டு என்னோடு தோட்டத்து ரோட்டில் நடக்க வந்தார்கள். பரிதாபத்துக்குத்தான் வருகிறார்கள் என்று எனக்குப் பட்டது. "நீங்க மூணு பேரும் எல்லக்குப் போங்க" என்றேன். அவர்களும் ஒரு ஞாயிறு நிஜமாகவே போய்விட்டார்கள். அன்று முழுக்க நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் ராத்தாவின் கணவர் தனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஒரு இரும்புத் தாங்கி செய்வித்து அனுப்பினார். பின்சக்கரம் தரையைத் தொடாமல் சைக்கிள் அதன்மேல் நிற்கும். முற்றத்தில் நின்ற இடத்திலேயே மிதிப்பேன். லயத்துப் பிள்ளைகள் வேலியில் தொங்கிக்கொண்டு, "டீச்சர், எங்க வந்துட்டீங்க?" என்று கேட்கும். "பண்டாரவளைக்கு" என்பேன்.

பல மாதங்கள் ஒன்றும் வராமல் போனபிறகு டாக்டர் சம்மதித்தார். பெரிய ரோட்டில் அல்ல, தனியாக அல்ல. நமுனுகுல மலையைப் பார்த்துப் போகும் தேயிலை ரோடுகளில் திரும்பவும் தொடங்கினோம். வண்டி குறைவு, ஆனால் நாய்கள் உண்டு, அட்டை உண்டு. திருப்பத்துக்குத் திருப்பம் பனி. கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையோடு நிமிர்ந்து நின்று, இதுகள் என்னத்துக்கு வருதுகள் என்பதுபோல் பார்ப்பார்கள். நான் இப்போது சந்தேகப்பட்டது என்னை மட்டும்தான். ஒரு வளைவு நினைவில் இல்லாவிட்டால் உடனே, "இப்ப நான் இருந்தேனா?" என்று கேட்பேன். "இருந்தீங்க டீச்சர், கதச்சுக்கிட்டே வந்தீங்க" என்று பின்னாலிருந்து சின்னவள் சொல்வாள். அவள் சக்கரத்தின் கிரிச்சத்தம் கேட்காவிட்டால் எனக்குக் கால் ஓடாது.

அந்த ரோடுகளில்தான் ராத்தாவைக் கவனித்தேன். தண்ணீர்ப் போத்தலை எப்போதும் இடது கையால் எடுப்பவர், வலது கையை வளைத்து எடுத்தார். சைக்கிளைத் தூக்கும் இடம் வந்தால் பின்னுக்கு நின்றார். சின்னவள் விளையாட்டாக அவர் இடது தோளைப் பிடித்ததும் முகம் சுருங்கியது. மூன்று பேராகக் கூடிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. அந்த இடத்திலேயே சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக் கேட்டேன்.

"ராத்தா, எடது கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. தையல் மெஷின் சுத்திச் சுத்தி."

"மெஷின வலது கையாலதான சுத்துறீங்க?"

அவர் தேயிலையைப் பார்த்தார். பிறகு மார்பின் ஓரத்தில், கக்கத்துக்குக் கிட்டே கையை வைத்தார். "ஒரு கட்டி ஈக்கிது. வீட்டுல யாருக்கும் தெரியாது. பேரப் புள்ள பொறக்கட்டும், பெறகு பாப்போம்னு இருந்தேன்."

"எவ்வளவு நாளா?" என்றார் மிட்வைஃப் அக்கா. பதிலுக்குக் காத்திராமல், பக்கத்தில் இருந்த பிள்ளைக் காப்பகத்தின் ஆயாவிடம் சாவியை வாங்கி, ராத்தாவை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தார். நானும் சின்னவளும் வாசலில் காவல் நின்றோம். வெளியே வந்தபோது இரண்டு பேர் முகத்திலிருந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்கு கிளினிக்" என்று மட்டும் சொன்னார்.

நான்கு பேரும் போனோம். ஊசியால் கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை ராத்தா எங்கள் யாரையும் கடைக்கு வரவிடவில்லை. கணவருக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். அவருக்கு ஏற்கனவே தெரியும் என்று எனக்குச் சந்தேகம். அவர் கடையில் நூல்கண்டுகளை நிறம் பார்க்காமல் அடுக்கிக்கொண்டிருந்ததை நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். முடிவு நல்லதாகவே வந்தது. புற்றுநோய் இல்லை. கட்டியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். தையல் ஆறும்வரை கையைத் தூக்கக்கூடாது, சைக்கிள் ஓட்டக்கூடாது.

ஆனால் டாக்டர் சொன்ன காலத்துக்கு வெகு முன்னதாகவே ஒரு ஞாயிறு காலை ஹாலி-எலயில் ராத்தா சைக்கிளோடு வந்து நின்றார். டாக்டர் சைக்கிள் ஓடலாம் என்று சொல்லிவிட்டாராம். முகத்தில் ஒரே சிரிப்பு. மிட்வைஃப் அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தள்ளிப்போய், கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு நர்ஸ் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தார். திரும்பி வந்தபோது கையை நீட்டி ராத்தாவின் சைக்கிள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்குங்க."

"என்னத்துக்கு?"

"நீங்க இன்னும் டாக்டரப் பாக்கவே போகலையாம்."

ராத்தா இறங்கினார். பஸ்ஸில் போகச் சொன்னோம். சைக்கிளை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்றார். ஓட்டிக்கொண்டு போகவிடமாட்டோம் என்றோம். கடைசியில், "சரி, தள்ளிக்கிட்டுப் போறேன், வலது கையால. அதுக்கும் டாக்டருக்கிட்டக் கேக்கணுமா?" என்று கோபித்துக்கொண்டு பதுளைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். எல்லக்குப் போவதாகத்தான் அன்றைய ஏற்பாடு. சின்னவள் முதலில் சைக்கிளைத் திருப்பினாள். பிறகு நான், பிறகு மிட்வைஃப் அக்கா. நல்ல இறக்கமான ரோட்டில் நான்கு பெண்கள் நான்கு நல்ல சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடப்பதை பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ராத்தா பதுளை வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே நடந்தார்.